பன்னிரண்டு மீட்டர் இடைவெளி

போட்டிக்கு முந்தைய இரவு பனாஜி விடுதியில் எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றரை மணி அலாரம் அடிப்பதற்கு முன்பே கூடத்து விளக்கைப் போட்டேன். தோட்டத்து அண்ணன் குளித்துத் திருநீறு பூசி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலீங்களாண்ணா?"

"புது எடமுங்க கண்ணு. கண்ணை மூடுனா காது தொறந்துக்குது."

அவர் சொன்னதை ஓர் ஆய்வுக்கூடம் அளந்தே பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு அது. புதிய இடத்தில் முதல் இரவு தூங்குகிறவர்களின் மூளையைப் பதிவு செய்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தின்போதும் மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு அமிழவில்லை. பழகிய ஒலிகளுக்கு நடுவே வேறு மாதிரி ஓர் ஒலி எழுந்தால் அந்த இடது பக்கம் சட்டென்று பதில் கொடுத்தது. அதே இடத்தில் இன்னொரு நாள் தூங்க வைத்தபோது இந்த வேறுபாடு காணாமல் போனது. டால்பினும் சில பறவைகளும் மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டு மறு பாதியால் காவல் இருக்கும். அந்தப் பழைய காவலின் மிச்சம் ஏதோ நம்மிடமும் இருக்கிறது போலும். வெளியூர்ப் போட்டி என்பது துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, முந்தைய இரவில், மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. ஒரே ஓர் இரவு தூக்கம் கெடுவதால் மறுநாள் உழைப்பு பெரிதாகக் குறைந்துவிடாது என்பது ஆறுதல். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தது வீணாகவில்லை.

நாங்கள் கோவைக்காரர்கள். எங்கள் குழுவுக்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ கிடையாது. விடியற்காலையில் நீச்சல்குளத்தில் ஒரு தடம், சனிக்கிழமை எல் அண்ட் டி பைபாஸில் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், ஓட்டம் முடிந்ததும் ஒரு டீக்கடை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஐம்பத்தேழு வயது அண்ணன், பம்ப்செட் பட்டறை நடத்துகிறவர், கணக்கு டீச்சர், மருத்துவமனைச் செவிலியர், வங்கி ஊழியர், மென்பொருள் வேலையில் இருக்கும் இரண்டு தம்பிகள், நான். சைக்கிள்களைக் கழற்றி அட்டைப்பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றிக் கோவாவுக்கு வந்திருந்தோம். மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் கூட்டினால் 113 கிலோமீட்டர், மைலில் 70.3. அந்த எண்ணே போட்டியின் பெயரிலும் இருக்கிறது: அயர்ன்மேன் 70.3. கோவாவில் இது முதன்முதலாக நடந்தது 2019 அக்டோபரில். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

குழுவாக வந்தோம். ஆனால் டிரையத்லானின் விதிகளைப் படித்தால், குழு என்ற ஒன்று இருப்பதே அதற்குப் பிடிக்காது என்று தோன்றும். சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகக் கூடாது. முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். முடித்துவிட்டவர் திரும்பி வந்து நண்பரோடு கூட ஓடக் கூடாது. பார்வையாளர் கையால் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. அப்படியானால் ஓராண்டு முழுக்க எட்டுப் பேர் சேர்ந்து பயிற்சி செய்தது எதற்கு? அந்த உழைப்பில் எது பன்னிரண்டு மீட்டரைத் தாண்டி ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் கூடவே வருகிறது? இந்த அத்தியாயம் முழுக்க நான் தேடுவது அதைத்தான்.

இந்த விளையாட்டே ஓர் உள்ளூர்ச் சங்கத்தில் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ ஓட்டச் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டனும் டான் ஷனஹானும் 1974 செப்டம்பர் 25 அன்று மிஷன் பே என்ற இடத்தில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்து ஒரு பந்தயம் வைத்தார்கள். வந்தவர்கள் 46 பேர். அவர்களில் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியும் இருந்தார்கள். ஹவாய்க்குக் குடிபெயர்ந்த பின் 1978-ல் அவர்கள் அங்கே இன்னும் நீண்ட பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அதுதான் முதல் அயர்ன்மேன்.

*

தோட்டத்து அண்ணன் நீச்சல் பழகியது கிணற்றில். இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி அவருடைய அப்பாரு தள்ளிவிட்டாராம். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். எதிரே கல் சுவர் வருகிறதா, மேலிருந்து எவன் குதிக்கிறான் என்று பார்த்தபடியே நீந்த வேண்டும். அந்தத் தலையைத் தண்ணீருக்குள் இறக்க வைக்க எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

ஏன் இறக்க வேண்டும்? நம் உடம்பின் எடை மையம் இடுப்பருகே இருக்கிறது. தண்ணீர் நம்மைத் தூக்கும் விசையின் மையமோ, காற்று நிறைந்த நெஞ்சுப் பக்கம் சற்று மேலே இருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளியில் இல்லாததால் கிடையாக மிதக்கும் உடம்பில் கால்கள் தாமாகவே தாழப் பார்க்கும். தலையைத் தூக்கினால் இன்னும் தாழும். தாழ்ந்த கால்கள் தண்ணீருக்குக் குறுக்கே பிடித்த பலகை போல ஆகிவிடும். தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தி கொண்டது. அதில் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை உண்டு. நீச்சலில் வலுவைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பது லாபம் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடல் நீர் இதில் கொஞ்சம் உதவும். குளத்து நீரைவிட அது இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. எழுபது கிலோ ஆளுக்கு ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குக் கூடுதல் தூக்கல் கிடைக்கிறது. இந்தக் கணக்கை நம்பித்தான் வந்தோம். மிராமரில் அது முழுதாகப் பலிக்கவில்லை. மாண்டவி ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த கையோடு வரும் அக்டோபரில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், கலங்கலாகவும் இருக்கும். கையை நீட்டினால் விரல் தெரியாது.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு ஓடும். கடலில் அது கிடையாது. கோடு இல்லாவிட்டால் மனிதனால் நேராகப் போக முடியுமா? ஜெர்மனியின் டூபிங்கனில் யான் சௌமன் குழுவினர் ஆட்களைக் காட்டுக்குள்ளும் சஹாரா பாலைவனத்திலும் நடக்கவிட்டுப் பார்த்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடியதும் தங்களை அறியாமல் வட்டமிட்டுத் தங்கள் பாதையையே குறுக்கே வெட்டினார்கள், நேராகப் போகிறோம் என்ற நம்பிக்கை குறையாமலே. நேர்கோடு நம் உள்ளே இல்லை. வெளியிலிருந்து யாராவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் அதைக் காட்டுவது மிதவைகள். ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பார்த்துத் திரும்ப இறக்க வேண்டும். குளத்தில் மட்டுமே பழகிய தம்பிகள் இதில் தடுமாறினார்கள். கிணற்று அண்ணனுக்கு அது கைவந்த வித்தை. இரண்டு வருஷமாக நாங்கள் திருத்தப் பார்த்த பழக்கத்தில் பாதி, கடலில் அவருக்குச் சொத்தாக இருந்தது.

இன்னொரு சிக்கல் சுவர். இருபத்தைந்து மீட்டர் குளத்தில் 1900 மீட்டர் என்றால் 76 நீளம். இடையில் 75 முறை சுவரை உதைத்துச் சும்மா சறுக்கலாம். கடலில் அந்த இளைப்பாறல் ஒன்றுகூட இல்லை. முதல் இருநூறு மீட்டரில் நூற்றுக்கணக்கான கைகால்கள் மேலே விழும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். முட்டுவது காற்று போதாமல் என்று நினைத்து எல்லோரும் இன்னும் இன்னும் உள்ளே இழுப்பார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. 1905-ல் ஜான் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டியபடி, மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நுரையீரலில் சேரும் கார்பன் டையாக்சைடு. நீருக்குள் மூச்சை முழுதாக விடாமல் அடக்கிக்கொண்டே அடுத்த மூச்சை இழுத்தால் அந்த வாயு தேங்கும். தேங்கத் தேங்கத் திகில் கூடும். மருந்து எளிது: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது குமிழி விட வேண்டும். எங்கள் டீச்சர் குளத்தில் தினமும் "ஊதுங்க, ஊதுங்க" என்று கத்துவார். மிராமரில் திகில் வந்த நொடியில் அந்தக் குரல் காதில் கேட்டது. நான் ஊதினேன். பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குள் நெஞ்சு அடங்கியது.

நீரில் மட்டும் ஒட்டிப் போகலாம், விதி தடுக்காது. முன்னால் போகிறவரின் பாதத்துக்கு அரை மீட்டர் பின்னால் நீந்தினால் நீரின் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். டீச்சரின் பாதத்தை ஒட்டியே நான் கரைக்கு வந்தேன்.

கரையில் எழுந்து நின்றதும் உலகம் ஒரு சுற்றுச் சுற்றும். படுத்த நிலையில் அரை மணிக்கு மேல் உழைத்த உடம்பில் ரத்தம் சீராகப் பரவியிருக்கிறது. நிமிர்ந்ததும் அது காலுக்கு இறங்குகிறது, மூளைக்கு ஒரு கணம் அழுத்தம் குறைகிறது. அதைச் சரிசெய்யக் காலில் ஓர் ஏற்பாடு உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளில் இருக்கும் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடாது. பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அது கீழ இருந்து தண்ணி தூக்கற ரெண்டாவது மோட்டாருங்க" என்றார். சரியான சொல். அந்த இரண்டாவது மோட்டாரை இந்த அத்தியாயத்தின் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

*

சைக்கிளில் ஏறியதும் பன்னிரண்டு மீட்டர் விதி தொடங்குகிறது.

ஊரில் நாங்கள் இப்படி ஓட்டியதே இல்லை. பைபாஸில் எட்டுப் பேரும் ஒரே வரிசையாக, முன்னவர் சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு, "வீல் பிடித்து" போவோம். காரணம் எங்கள் ஊர்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பீறிட்டு வரும். காற்றாலைகளுக்கு அது வரம், சைக்கிள்காரனுக்குச் சோதனை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் காற்று வீசினால், அவர் உடம்பு உணரும் காற்று 45. ஒன்றரை மடங்கின் வர்க்கம் இரண்டே கால், தடையும் இரண்டே கால் மடங்கு. போகும்போது எதிர்க்காற்றில் இழந்ததைத் திரும்பும்போது பின்காற்றில் மீட்டுவிடலாம் என்று புதியவர்கள் நம்புவார்கள். கணக்கு டீச்சர் அதை டீக்கடையில் ஒரு பில்லின் பின்புறம் போட்டுக் காட்டினார். பதினைந்து கிலோமீட்டர் போக மணிக்கு 20 வேகத்தில் 45 நிமிடம். திரும்ப 40 வேகத்தில் இருபத்திரண்டரை நிமிடம். மொத்தம் அறுபத்தேழரை. காற்றில்லாத நாளில் 30 வேகத்தில் போய்வர அறுபதே நிமிடம். மெதுவாகப் போகும் பகுதியில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

வீல் பிடிப்பதில் மிச்சமாகும் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு வரை போகும். அதை அனுமதித்தால் இது தனிமனிதப் பந்தயமாக இருக்காது. அதனால்தான் விதி. முன்னவரின் பன்னிரண்டு மீட்டர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் இருபத்தைந்து விநாடிக்குள் முந்திவிட வேண்டும். தவறினால் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம். இந்த விதி எனக்குப் பிடிக்கும். அது நேர்மையானது. ஆனால் அன்று மேட்டுச் சாலையில் பட்டறைக்காரரின் முதுகு பன்னிரண்டு மீட்டர் முன்னால் தெரிந்தும் அதன் நிழலுக்குள் போக முடியாத தனிமையை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த முதுகால் எனக்கு எந்தப் பயனும் இல்லையா? 1898-ல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் கேட்ட கேள்வி இது. சைக்கிள் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டியவர், தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுகிறவர்களைவிட அடுத்தவரோடு போட்டியிடுகிறவர்கள் வேகமாக ஓட்டியதைக் கண்டார். காற்று மறைப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவருக்கும் தெரியும். அதைப் பிரிக்க, காற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை செய்தார். தூண்டில் கம்பியின் உருளையைச் சுற்றும் வேலையை நாற்பது சிறுவர் சிறுமியருக்குத் தனியாகவும் இணையாகவும் கொடுத்தார். இணையாக இருந்தபோது இருபது பேர் வேகமானார்கள். பத்துப் பேருக்கு மாற்றமில்லை. பத்துப் பேர் பதற்றத்தில் மெதுவானார்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் முதல் இருபதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பத்து. அருகில் ஆள் இருப்பது சிலரைத் தூக்கும், சிலரைக் குலைக்கும். சின்னத் தம்பி அந்தப் பத்தில் ஒருவன். யாராவது முந்தினால் பொறுக்காமல் மிதித்துவிடுவான். அவனுக்கு ஒரு வருஷமாக நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "விடு, போகட்டும்." குழு வேகத்தைக் கற்றுத் தருவதைப் போலவே பொறுமையையும் கற்றுத் தர முடியும்.

*

இனி வெப்பம். போட்டியின் உண்மையான எதிராளி அதுதான்.

நம் தசை உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான், சில சமயம் அதைவிடக் குறைவாக, மிதியில் இறக்குகிறது. மீதி வெப்பம். 150 வாட் அளவுக்கு மிதிக்கிறவர் உடம்புக்குள் 500 வாட்டுக்கு மேல் சூடு பிறந்துகொண்டே இருக்கும். வெளியேற்ற வழியில்லாவிட்டால் எழுபது கிலோ உடம்பு எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். அரை மணியில் உயிருக்கே ஆபத்து. "இந்த எஃபிஷியன்ஸில ஒரு மோட்டார் பண்ணினா எவனும் வாங்கமாட்டானுங்க" என்றார் பட்டறைக்காரர். ஆனால் இந்த மோட்டாரின் குளிரூட்டலுக்கு இணையாக அவர் பட்டறையில் எதுவும் கிடையாது.

1775-ல் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சோதனைகளை ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். நண்பர்களோடு சூடேற்றிய அறைக்குள் நுழைந்தார். அங்கே வெப்பம் 127 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே அறையில் வைத்த மாட்டிறைச்சித் துண்டு வெந்து போயிற்று, அவர்கள் நலமாக வெளியே வந்தார்கள். இறைச்சிக்கு வியர்க்காது, இவர்களுக்கு வியர்த்தது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேலே சொன்ன 500 வாட்டைச் சமாளிக்க மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் போதும்.

ஆவியானால். சொட்டினால் பயனில்லை. பிளாக்டனின் அறை உலர்ந்தது. கோவாக் கடற்கரை அப்படியல்ல. அங்கே காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. வியர்வை தோலில் நின்று, வழிந்து, ஷூவுக்குள் சேர்ந்து சளக் சளக்கென்கிறது. உடம்பு நீரையும் இழக்கிறது, குளிர்ச்சியும் பெறவில்லை. கோவையிலிருந்து வருகிறவனுக்கு வெளியூர் என்பதன் அர்த்தம் இதுதான். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல். அக்டோபர் விடியல் அங்கே குளுகுளுவென்று இருக்கும். அந்த விடியலில் செய்த பயிற்சியை மட்டும் நம்பி மிராமருக்கு வந்தால் ஓட்டத்தில் படுத்துவிட நேரும்.

அதனால் கடைசி இரண்டு வாரம் பயிற்சியை நடுப்பகலுக்கு மாற்றினோம். டீச்சர் மதிய இடைவேளையில் பள்ளி மைதானத்தில் ஓடினார். தோட்டத்து அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்களாம். உடம்புக்குள் நடந்தது இது. முதல் நான்கைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது, சிலருக்குப் பத்து சதவீதம் வரைகூட. ரத்தம் கூடுவதால் அதை இதயத்தால் ஒரே சமயத்தில் தசைக்கும் தோலுக்கும் அனுப்ப முடிகிறது. பிறகு வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்கின்றன. செவிலியரின் கறுப்புச் சட்டையில் முதல் வாரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்தன. இரண்டாம் வாரம் அவை மங்கின. பத்து, பதினான்கு நாளில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்குத் தினம் ஒரு மணி நேரம் வெயிலில் கூட ஓட ஓர் ஆள் வேண்டும். தனியாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே நான் நிழலுக்குத் திரும்பியிருப்பேன்.

*

சைக்கிளில் இருக்கும்போதே சாப்பிட்டாக வேண்டும். உடம்பு கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கலோரி அளவுதான். இந்தப் போட்டிக்கு நாலாயிரத்துக்கு மேல் வேண்டும். கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாக எரியும்.

சேமிப்பைப் பெருக்க முடியுமா என்று கண்டுபிடித்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1966-ல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மேன் இருவரும் ஒரே நிலைச் சைக்கிளை ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மறுகால் ஓய்வில் இருந்தது. மிதித்த காலில் கிளைக்கோஜன் வற்றியது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தொடையில் ஊசி குத்தித் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் சேமிப்பு ஓய்வெடுத்த காலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே வாய், ஒரே வயிறு, ஒரே ரத்தம். உழைத்த தசை மட்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டது.

பனாஜியில் கிடைத்த மீன் குழம்பின் மணம் எல்லோரையும் இழுத்தது உண்மை. ஆனாலும் முந்தைய இரண்டு நாளும் செவிலியர் கொண்டுவந்த சிறு குக்கரில் வைத்த அரிசியும்பருப்புச் சாதத்தைத்தான் தின்றோம். வெளியூர்ப் போட்டியில் புதிய உணவு கூடாது. கடும் உழைப்பில் ரத்தம் குடலைவிட்டுத் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. அந்த நிலையில் குடல் பழகாத எதையும் திருப்பி அனுப்பும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு அறுபது கிராம் அளவுக்குத்தான் உள்ளே விடும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால், இரண்டும் கலந்தால் தொண்ணூறு வரை போகலாம். கடையில் விற்கும் ஜெல்களில் பல இந்தக் கலவைதான். நாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதியான சுக்ரோஸ், பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். தோட்டத்து அண்ணன் நாட்டுச் சர்க்கரை, எலுமிச்சை, உப்பு கலந்து இரண்டு போத்தலில் கரைத்து வைத்திருந்தார். ஆறு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் அதையே குடித்து அவர் குடலும் பழகியிருந்தது.

*

சைக்கிளை நிறுத்தி ஓடத் தொடங்கினால் முதல் ஒரு கிலோமீட்டர் கால் நம்முடையதாக இருக்காது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வட்டமாக மிதிக்கப் பழகிய நரம்புகள் உடனே ஓட்டத்தின் தாளத்துக்கு மாறுவதில்லை. சிலருக்குத் தசைகள் இயங்கும் ஒழுங்கே மாறிப்போவதை அளந்திருக்கிறார்கள். சைக்கிளும் ஓட்டமும் அடுத்தடுத்துப் பழகினால் இது குறையும்.

கோவாவில் ஓட்டம் சுற்றுச் சுற்றாகப் போய்த் திரும்புவது. சைக்கிளில் முகத்தில் அடித்த காற்று இப்போது இல்லை. வேகம் குறைந்ததும் குளிர்ச்சியும் குறைகிறது, சூரியன் உச்சியில். தாகமெடுத்தவர்கள் தண்ணீர் மேசைகளில் குவளை குவளையாகக் குடிப்பார்கள். இதிலும் ஓர் அபாயம் உண்டு. வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கலாம். தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் 1985-ல் இதை எழுதினார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பது செவிலியர் எங்களுக்குப் போட்ட சட்டம்.

போகிறவரும் வருகிறவரும் எதிரெதிரே கடக்கும் பாதை என்பதால், விதி பிரித்து வைத்த எட்டுப் பேரும் திரும்பத் திரும்பச் சந்தித்தோம். பேச மூச்சில்லை. ஒரு கை உயரும், இன்னொரு கை அதைத் தட்டும், அவ்வளவுதான். 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு துடுப்புப் படகு வீரர்கள் 12 பேரை வைத்து எம்மா கோஹன், ராபின் டன்பார் குழுவினர் செய்த ஒரு சோதனை வெளியானது. துடுப்பு எந்திரத்தில் தனியாக உழைத்த பின்னும், எல்லோரும் ஒரே தாளத்தில் சேர்ந்து உழைத்த பின்னும், கையை இறுக்கிக் கட்டி வலி தாங்கும் அளவைப் பார்த்தார்கள். உழைப்பு இரண்டிலும் ஒன்றே. சேர்ந்து உழைத்த நாளில் வலி தாங்கும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்கள் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பன்னிரண்டு பேர் சிறிய எண்ணிக்கை, அதை மட்டும் வைத்து எதையும் அறுதியிட முடியாது. என்றாலும் கடைசிச் சுற்றில் டீச்சரின் உள்ளங்கை என் உள்ளங்கையில் பட்ட பிறகு நூறு மீட்டருக்கு முழங்கால் வலி எனக்குத் தெரியவில்லை.

ஏழு பேர் முடித்துவிட்டோம். தோட்டத்து அண்ணன் இன்னும் வரவில்லை. எட்டு மணி நேரம் கடந்து ஒவ்வொரு நிமிடமாக நகர்ந்தது. கூட ஓட முடியாது, தண்ணீர் நீட்ட முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "வாங்ண்ணா, வாங்ண்ணா" என்று தொண்டை கிழியக் கத்தத்தான் முடிந்தது. வளைவில் அவர் தெரிந்தார். தலை நிமிர்ந்திருந்தது, கிணற்றில் நீந்துகிறவரைப் போல. எட்டு மணி பத்தொன்பது நிமிடத்தில் கோட்டைத் தாண்டினார். நின்றார். உடனே முகம் வெளுத்து, முழங்கால் மடிந்தது.

கால் நின்றதும் இரண்டாவது மோட்டாரும் நின்றுவிடுகிறது. தோலுக்கும் தசைக்கும் விரிந்து கிடக்கும் குழாய்களில் ரத்தம் இறங்கித் தேங்கும். மேலே தள்ள ஆளில்லை. முடித்த பிறகு சுருண்டு விழுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். ஆனால் வெப்பத் தாக்கும் சோடியம் குறைவும்கூட இதே தோற்றத்தில் வரலாம் என்பதால் மருத்துவக் கூடாரத்தில் முதலில் வெப்பநிலையையும் அறிவுத் தெளிவையும் பார்த்தார்கள். பெயர் என்ன, எந்த ஊர் என்று மருத்துவர் கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டு, "கோயமுத்தூருங்க, தோட்டமுங்க" என்றார் அண்ணன். மருத்துவர் தலையசைத்து, காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

எட்டரை மணி நேரத்தில் முதல்முறையாக எங்களுக்கு அவரைத் தொட அனுமதி கிடைத்தது. பட்டறைக்காரர் ஒரு குதிகாலைப் பிடித்தார், நான் இன்னொன்றை. ஈரமும் மணலும் ஒட்டிய கனமான கால்கள். தம்பிகள் நனைந்த துண்டால் விசிறினார்கள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உதட்டில் நிறம் திரும்பியது. டீச்சர் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் மிச்சமிருந்ததை வாயில் வைத்தார். அண்ணன் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார்.

"எட்டுப் பேரும் வந்தாச்சுங்களா?"

"நீங்கதாண்ணா எட்டாவது" என்றார் செவிலியர்.